எதனால் வந்தது, என்ன செய்தது?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கட்டுரை எழுதுவோர் பலர் முடிவுரைக்கே அஞ்சுவர். என் அனுபவத்தில் கட்டுரை கெட்டுப்போவது பெரும்பாலும் முதலாம் பந்தியிலேதான். எடுத்துக்கொண்ட பொருள் இன்னது என்று அங்கே ஒரு வரைவிலக்கணம் தருகிறோம். அந்த ஒரு வாக்கியம் பிழைத்தால், பின்னால் வரும் இருபது பக்கங்களும் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே நடக்கும். ஆகவே இன்று வரைவிலக்கணம் பற்றி, அதிலும் ஒரு பொருளை அதன் காரணத்தைக் கொண்டோ விளைவைக் கொண்டோ வரையறுப்பது பற்றிச் சில கூறலாம் என எண்ணுகிறேன். விடயம் வெறும் இலக்கணப் பாடம் போலத் தோன்றலாம். ஆனால் ஓர் எண்ணக்கருவின் எல்லையை எங்கே இடுகிறோம் என்பதைப் பொறுத்து மனிதருக்கு வீடு கிடைத்ததும் கிடைக்காமற் போனதும் நமது கரையோரத்திலேயே நடந்திருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் புல்மோட்டையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு, ஆய்வுக் கட்டுரை எழுதும் முறை பற்றி ஒருநாள் வகுப்பு எடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று கரையோரமாகவே வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸிற் போக வேண்டும். அப்பால் கொக்கிளாய்க் களப்பு. அதைக் கடந்தால் முல்லைத்தீவு மாவட்டம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ, அயலில் தமிழரும் சிங்களவரும் வாழும் பகுதி இது. இந்த ஊரின் பெயரை நாடறியச் செய்தது அதன் கரையிற் கிடக்கும் கனிய மணல். 1957ஆம் ஆண்டு கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது முதல் ‘இல்மனைற்’ என்ற சொல் இவ்வூர்ச் சிறுவருக்கும் பழக்கமான சொல்லாயிற்று.

அதனாலேயே நான் கரும்பலகையில் ‘கனிய மணல்’ என்று எழுதி, “இதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதுங்கள்; ஒரு வாக்கியம் போதும்” என்றேன். கிடைத்த விடைகளுள் மூன்றை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒரு மாணவர் எழுதியது: “கறுப்பு நிறமும் பாரமும் உடைய கடற்கரை மணல் கனிய மணல் எனப்படும்.” இன்னொருவர்: “பாறைகள் சிதைந்து ஆறுகளாற் கடலுக்குக் கொண்டுவரப்பட்டு, அலைகளாற் கரையிற் சேர்க்கப்பட்ட பாரமான கனியங்களைக் கொண்ட மணல்.” பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி: “வர்ணப்பூச்சு முதலியவற்றைச் செய்யப் பயன்பட்டு, நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித்தரும் மணல்.”

மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “மூண்டும் சரிதானே, சேர்? இதில எதுக்குப் புள்ளி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று முழுவதும் விடை சொல்ல வேண்டியதாயிற்று. இந்த உரையும் அதற்கான விடைதான்.

முதலாவது விடை பொருளைத் தோற்றத்தால் வரையறுக்கிறது, இரண்டாவது காரணத்தால், மூன்றாவது விளைவால். தோற்றத்தைக் கொண்டு வரையறுப்பது எளிது. சிறு பிள்ளைக்குச் சொல்லும்போது அதுவே போதும். ஆனால் அது விரைவில் இடறிவிடும். புல்மோட்டை மணலில் இல்மனைற் கறுப்பு. அதனோடு கலந்து கிடக்கும் சேர்க்கோன் பெரும்பாலும் நிறமற்றது அல்லது வெளிறியது. ‘கறுப்பு’ என்ற சொல் சேர்க்கோனை வெளியே தள்ளிவிடுகிறது. மறுபுறம், எரிமலைப் பாறை உடைந்து கறுத்த கரைகளும் உலகில் உண்டு. அவற்றை அதே சொல் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தருக்க நூலார் இவ்விரு குற்றங்களையும் முறையே அவ்வியாத்தி, அதிவியாத்தி என்பர். இலக்கணம் இலக்கியத்தின் ஒரு பகுதியை மட்டும் தொடுவது முன்னது. அதனைக் கடந்து பிறவற்றையும் தொடுவது பின்னது. சிறிதும் பொருந்தாமற் போவது அசம்பவம் என்னும் மூன்றாவது குற்றம். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டர் பசுவை வைத்து இவற்றை விளக்குவார். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு விடுபடும். கொம்புடையது பசு என்றால் எருமையும் நுழையும். ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் ஒரு பசுவும் அகப்படாது. இந்த மூன்று கேள்விகளையும் தம் முதலாம் பந்தியிடம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வந்துவிட்டால் ஆசிரியரின் சிவப்பு மைக்குப் பாதி வேலை குறையும்.

இரண்டாவது விடைக்கு வருவோம். காரணத்தைக் கொண்டு வரையறுப்பதன் சிறப்பு, அது பொருளை விளக்கவும் செய்கிறது என்பதாகும். சாதாரண வெண்மணலின் பளிங்குத் துகள் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தியுடையது. இல்மனைற்றோ ஏறத்தாழ 4.7 மடங்கு. அலை இரண்டையும் கரையில் ஏற்றுகிறது; திரும்பும் நீர் இலேசானதை இழுத்துச் செல்ல, பாரமானது தங்கிவிடுகிறது. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் ஆண்டுதோறும் இந்தச் சலிப்பு வேலையைச் செய்கின்றன. அரிசி புடைக்கும் பெண்ணின் சுளகில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இவ்வளவையும் அறிந்தவர், இம்மணல் ஏன் இங்கே கிடக்கிறது, எடுத்தபின் ஏன் மறுபடி ஓரளவு சேர்கிறது என்ற வினாக்களுக்கும் விடை சொல்வார். சித்தாந்த நூல்களைப் பயின்றவர்களுக்குக் குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற பகுப்பு நினைவுக்கு வரும். இங்கே பாறை முதற்காரணம். ஆறும் அலையும் துணைக்காரணம். நிமித்த காரணத்தைச் சித்தாந்திகளிடமே விட்டுவிடுவோம். ‘காரணம்’ என்று கட்டுரையில் எழுதும்போது எந்தக் காரணத்தைச் சொல்கிறோம் என்று பிரித்தறிய வேண்டும் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

மூன்றாவது விடையில் இன்னொரு சுவை உண்டு. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒரு வெள்ளை நிறப்பொருள். வர்ணப்பூச்சு, கடதாசி, பிளாஸ்ரிக் ஆகியவற்றுக்கு வெண்மை ஊட்டுவது அதுவே. கறுப்பு மணலின் விளைவு வெள்ளை நிறம்! இதனைத் தோற்றத்திலிருந்து எவரும் ஊகித்திருக்க முடியாது. ஆயின் இங்கும் ஓர் இடறல் உண்டு. அந்த வெள்ளை நிறப்பொருள் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்துதான். அதற்கு முன்பும் இதே மணல் இதே கரையிற் கிடந்தது. மூன்றாவது வரைவிலக்கணத்தின்படி, அப்போது அது கனிய மணல் அன்று என்று சொல்ல நேரும். விளைவு காலத்தோடும் சந்தையோடும் மாறுவது; அதனை இலக்கணமாகக் கொண்டால் பொருளும் மாறிக்கொண்டே இருக்கும்.

இவ்வாறு காரணத்தாலும் விளைவாலும் வரையறுக்கும் முறை மேலைத்தேசத்தவர் சொல்லித்தந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. நம் இலக்கண மரபு இதனை நன்கறியும். பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரித்தார் பவணந்தி முனிவர்; உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்றும் ஒன்றைக் கண்டார்கள். முள் உடைமையால் முள்ளி எனப்பட்டது. ஆயினும் முள்ளுடைய செடிகள் அனைத்தையும் நாம் முள்ளி என்பதில்லை. பெயருக்குள் ஒரு காரணம் இருப்பதனாலேயே அது வரைவிலக்கணம் ஆகிவிடாது என்பதைச் சொல்ல இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வினைச்சொல்லை வரையறுக்கும் இடத்திலும் இரு முறைகளைக் காணலாம். அது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்று அடையாளத்தால் வரையறுக்கிறது தொல்காப்பியம். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் தருவது வினை என்று, அது தரும் பயனைக் கொண்டு வரையறுக்கிறது நன்னூல்.

விளைவால் வரையறுப்பதில் திருவள்ளுவர் மிகத் துணிவுடையவர். வாய்மை எது என்று தாமே கேட்டு, பிறர்க்கு எவ்வகைத் தீமையும் பயவாத சொற்களைச் சொல்லுதல் என்று விடை தருகிறார். நடந்ததை நடந்தபடி சொல்லுதல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லின் விளைவையே அளவுகோலாக்கினார். அப்படி ஆக்கியபின், அதன் தருக்க முடிவையும் அடுத்த குறளிலேயே ஏற்றுக்கொள்கிறார்: குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். இதனைப் பலர் வள்ளுவர் தந்த சலுகை என்பர். நான் அதனை வரைவிலக்கணத்துக்கு அவர் காட்டிய நேர்மை என்பேன். விளைவை அளவுகோலாக வைத்தால் அந்த அளவுகோல் போகுமிடமெல்லாம் போக வேண்டும்.

இனி இந்த முறைகளின் ஆபத்துகளைப் பார்ப்போம். காரணத்தைப் பெயரிலோ வரைவிலக்கணத்திலோ வைத்துவிட்டால், அந்தக் காரணம் பிழையென்று பின்னர் தெரியவரும்போது என்ன செய்வது? மலேரியா என்ற சொல்லின் பொருள் ‘கெட்ட காற்று’. இத்தாலிய மொழியில் அப்பெயரை இட்டவர்கள், சதுப்பு நிலத்துத் தீய காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என நம்பினர். நுளம்பின் உடலில் அந்நோயின் கிருமி வளர்வதை ரொனால்ட் ரொஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டபோது அந்தக் காரணம் பொய்த்தது. பெயர் மட்டும் எஞ்சியது. காற்றே காரணம் என்போர் யன்னலைச் சாத்துவர்; நுளம்பே காரணம் என்போர் தேங்கிய நீரை அகற்றுவர். 1934, 35ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் உயிர்களை மலேரியாவுக்குக் கொடுத்த இலங்கை, 2016இல் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டதற்கு, சரியான காரணத்தைப் பிடித்துக்கொண்டமையே அடிப்படை.

விளைவை மட்டும் பார்ப்பதன் ஆபத்துக்குப் புல்மோட்டையிலேயே சான்று கிடைத்தது. வகுப்பில் ஒரு மாணவி ‘கடல்கோள்’ பற்றி எழுத விரும்பினார். “கடல் நிலத்தைக் கொள்வது கடல்கோள்” என்பது அவருடைய வரைவிலக்கணம். அழகான வாக்கியம், சொல்லிலிருந்தே பொருளை எடுத்திருந்தார். இறையனார் அகப்பொருள் உரை சங்கங்களின் வரலாற்றைச் சொல்லும்போது கடல் கொண்ட நிலத்தைக் குறிப்பிடுவது இலக்கிய மாணவர் அறிந்ததே. ஆனால் அந்தச் சொல் விளைவின் பெயர். கடல் எதனால் வந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

நம் கரைக்குக் கடல் இரண்டு வழிகளில் வந்திருக்கிறது. ஒன்று சூறாவளியோடு வருவது. 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் முதியோர் நினைவில் உள்ளவை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி ‘புரெவி’ கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே இந்தக் குச்சவெளிப் பக்கத்திலேதான். இவ்வகைக் கடலுக்குக் காற்று முன்னறிவிப்புத் தரும். வானம் இருளும், வள்ளங்கள் கரையேறும். மற்றது 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடியில் 9.1 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை.

அந்த மாணவி தம் மூத்தம்மா சொல்லக் கேட்டதை வகுப்பிற் சொன்னார்: “காத்தில்லாம கடல் வராதுண்டுதான் எங்கட ஆக்கள் நெனச்சிருந்தாங்களாம், சேர். தண்ணி பின்னுக்குப் போனத்தப் பாத்து, புதினம் பாக்கப் போனாக்களும் இருந்தாங்களாம்.” முதல் அலைக்குப் பின் கடல் வெகுதூரம் உள்வாங்கியதும், அதன்பின் பெரிய அலை வந்ததும் நாட்டின் பல கரைகளில் நடந்தவை. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இலங்கையில் மட்டும் போயின. கரையோர மக்கள் கடலை அறியாதவர்கள் அல்லர். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். அவர்கள் அறிந்திருந்த ‘கடல் வருதல்’ ஒரே காரணத்தோடு கட்டப்பட்டிருந்தது. விளைவு ஒன்றாயினும் காரணம் இரண்டு என்பதைச் சொல்லித்தர அன்று எவரும் இருக்கவில்லை. இன்று சுனாமியை, கடலடி நிலநடுக்கம், மண்சரிவு, எரிமலை முதலியவற்றாற் பெருமளவு நீர் இடம்பெயர்வதால் எழும் அலைத்தொடர் என்று காரணத்தால் வரையறுக்கிறார்கள். ‘தொடர்’ என்ற அந்தச் சொல் மிக முக்கியமானது. முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று எண்ணிக் கரைக்குத் திரும்புபவரை அது தடுக்கிறது.

ஆய்வுக் கட்டுரைக்கே உரிய மற்றொரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். அது என்னுடைய சொந்தக் குற்றம். பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவனாக இருந்தபோது பக்தி இயக்கம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். “தமிழகத்தில் சமண பௌத்த செல்வாக்கை வீழ்த்திய சமய எழுச்சியே பக்தி இயக்கம்” என்று தொடங்கினேன். பதினைந்து பக்கங்களின் முடிவில், “ஆகவே சமண பௌத்த செல்வாக்கு வீழ்ந்தமைக்குப் பக்தி இயக்கமே காரணம் என்பது நிறுவப்பட்டது” என்று வெற்றியோடு முடித்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: “முதலாம் பந்தியில் வைத்ததை நீர் கடைசிப் பந்தியில் எடுத்திருக்கிறீர்.”

அன்று மனம் நொந்தது. பின்னர்தான் விளங்கியது. விளைவை வரைவிலக்கணத்துள் வைத்துவிட்டால், அந்த விளைவை ஆய்வின் முடிபாகக் கண்டுபிடிக்கும் உரிமையை இழந்துவிடுகிறோம். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியர் 1673இல் மேடையேற்றிய தமது கடைசி நாடகத்தில் இதனைக் கேலி செய்திருக்கிறார். அபின் ஏன் தூக்கம் தருகிறது என்று வைத்திய மாணவனைக் கேட்க, தூக்கம் தரும் ஆற்றல் அதில் இருப்பதால் என்று அவன் விடை சொல்லப் பரீட்சகர்கள் பாராட்டுவார்கள். என் கட்டுரையின் கதையும் அதுவே. நாயன்மார், ஆழ்வார் பாடல்கள், தலயாத்திரை, கோயில் வழிபாடு ஆகியவற்றைக் கொண்டு பக்தி இயக்கத்தை வரையறுத்திருந்தால், பிற சமயங்கள் வீழ்ந்தமைக்கு அது காரணமா, அரசரின் ஆதரவு மாறியது காரணமா, வணிகத்தின் நிலை காரணமா என்ற கேள்வி திறந்திருக்கும். அந்தக் கேள்வியை என் முதல் வாக்கியமே மூடிவிட்டது.

இலக்கிய விமர்சனத்தில் இந்தக் குற்றம் நாள்தோறும் நடக்கிறது. மலையக இலக்கியம் என்பது எது? மலையகத்தவர் எழுதியதா, மலையக வாழ்வைச் சொல்வதா, மலையக மக்களிடையே விழிப்பை ஏற்படுத்துவதா? முதலாவது காரணம், இரண்டாவது பொருள், மூன்றாவது விளைவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அவலத்தைச் சொல்லும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இரண்டாவதன்படி உள்ளே வரும். முதலாவதன்படி வெளியே நிற்கும். மூன்றாவதைக் கொண்டாலோ, வாசகரிடம் போய் விசாரித்த பின்னரே ஒரு கதையைப் பட்டியலிற் சேர்க்கலாம். இவற்றில் எதையும் ஒருவர் கொள்ளலாம். ஒரு பக்கத்தில் ஒன்றைக் கொண்டு, மறுபக்கத்தில் சத்தமில்லாமல் மற்றொன்றுக்கு மாறுவதுதான் கூடாது. மேடைகளில் நடக்கும் இலக்கியச் சண்டைகளிற் பல, ஒரே சொல்லை ஒருவர் காரணத்தாலும் மற்றவர் விளைவாலும் பொருள்கொள்வதால் மூள்வன.

இனி, நான் தொடக்கத்திற் சொன்ன வீட்டு விடயம். அன்று பிற்பகல் ஒரு மாணவர் ‘இடம்பெயர்ந்தோர்’ பற்றி எழுதிய முதலாம் பந்தியை வாசித்தார். “சுனாமியால் வீடுகளை இழந்து வேறிடம் சென்றவர்கள் இடம்பெயர்ந்தோர் எனப்படுவர்.” வகுப்பு சற்று மௌனமாயிற்று. “அப்படியெண்டால் தென்னைமரவடியார் யார்?” என்று நான் கேட்டேன். புல்மோட்டைக்கு அயலிலுள்ள அந்தத் தமிழ்க் கிராமத்து மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேறியவர்கள். போர் முடிந்தபின்னரே திரும்பத் தொடங்கினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை ஒரு மாணவி நினைவூட்டினார். இன்னொருவர் சொன்னார்: “2009இல காயப்பட்ட ஆக்களக் கப்பல்ல கொண்டுவந்து இஞ்ச எறக்கினத்த வாப்பா சொல்லுவார், சேர்.” அது உண்மை. அவ்வாண்டு வன்னிக் கரையிலிருந்து கடல்வழியே கொண்டுவரப்பட்டோருக்காக இந்திய மருத்துவக் குழு ஒன்று புல்மோட்டையில் வைத்தியசாலை நடத்தியது. அந்த ஒரு வாக்கியத்துக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்கள் என்பதை மாணவர்களே எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

இது வகுப்பறைப் பிழை மட்டுமன்று. நம் பேச்சு வழக்கில் ‘அகதி’ என்பது கதியற்றவர் என்ற பொருளுடையது, விளைவின் பெயர். எதனாற் கதியற்றுப் போனார் என்று அது கேட்பதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனமோ காரணத்தால் வரையறுக்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகியவற்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற ஆதாரமுள்ள அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. நாட்டுக்குள்ளேயே அலைந்தவர்கள் அதற்குள் அகப்படவில்லை. பட்டினியால் எல்லை கடந்தவரும் அதனால் மட்டும் அகப்படுவதில்லை. இந்தக் குறையை உணர்ந்து பிரான்சிஸ் டெங் 1998இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முன்வைத்த வழிகாட்டுக் கோட்பாடுகள், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரை வரையறுக்கும்போது கதவை அகலத் திறந்தன. ஆயுதப் போர், பரவலான வன்முறை, மனித உரிமை மீறல், இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த அனர்த்தம் ஆகியவற்றின் பேறாகவோ, அவற்றின் விளைவுகளுக்குத் தப்பும் பொருட்டோ வாழிடத்தை விட்டு நீங்க நேர்ந்து, எல்லை கடவாதிருப்போர் எல்லோரும் அதில் அடங்குவர். ‘குறிப்பாக’ என்றொரு சொல்லையும் சேர்த்து, பட்டியல் முடிந்துவிடவில்லை என்றும் காட்டியிருக்கிறார்கள்.

எனினும் 2004இன் பின் நமது மாவட்டங்களில் நடந்ததை அனைவரும் கண்டோம். சுனாமிக்கென வந்த நிதி சுனாமியைக் காரணமாகக் கொண்டவர்களுக்கே சென்றது. போரால் வீடிழந்து பல ஆண்டுகளாகத் தறப்பாளின் கீழ் இருந்தவர்கள், அயலிற் புதிய வீடுகள் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கூரை இல்லை என்பது ஒரே விளைவு. காரணம் வேறு, ஆகவே பட்டியலும் வேறு. கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுடைய படிவத்தின் முதலாம் பந்தி அவ்வாறு வரையறுக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

அந்த மாணவருடைய பந்தியை எல்லோருமாகக் கரும்பலகையிற் திருத்தினோம். “தம் விருப்பத்துக்கு மாறாக வாழிடத்தை விட்டு நீங்க நேர்ந்து, நாட்டுக்குள்ளேயே வேறிடத்தில் வாழ்பவர் இடம்பெயர்ந்தோர் ஆவர், அதற்குக் காரணம் போராகவும் இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம். அவர்களுள் சுனாமியால் இடம்பெயர்ந்தோரை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.” இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். மாணவர் எழுத விரும்பிய பொருள் மாறவில்லை. பக்க அளவும் கூடவில்லை. ஆய்வின் எல்லையை எண்ணக்கருவின் எல்லையாக ஆக்காமல், இரண்டையும் பிரித்து வைத்தோம். நான் எழுதாமல் விட்டவர்கள் இல்லாதவர்கள் அல்லர் என்பதை அந்த வாக்கியம் ஒப்புக்கொள்கிறது.

வரைவிலக்கணம் எழுதும் எவரும் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். இதே காரணம் இருந்து விளைவு நேராவிட்டாலும் இதனை இப்பெயரால் அழைப்பேனா? இதே விளைவு வேறொரு காரணத்தால் நேர்ந்தால் அழைப்பேனா? நான் முடிவிற் காட்டப்போகும் ஒன்றை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டேனா? இவற்றுக்கு விடை தெரிந்தபின் காரணத்தைக் கொள்வதும் விளைவைக் கொள்வதும் எழுதுபவரின் நோக்கத்தைப் பொறுத்தவை. தடுக்கும் வழியை ஆராய்பவருக்குக் காரணம் வேண்டும். உதவும் வழியை ஆராய்பவருக்கு விளைவு வேண்டும்.

மாலையில் முன்வரிசை மாணவர் தம் கேள்வியை மறக்கவில்லை. “அப்ப எதுக்கு சேர் புள்ளி?” புவியியல் கட்டுரையாயின் இரண்டாவதற்கு, பொருளியல் கட்டுரையாயின் மூன்றாவதற்கு, முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதாயின் முதலாவதற்கு என்றேன். அவர் திருப்தியடைந்தார். பின்வரிசை மாணவி திருப்தியடையவில்லை. தம் விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“ஏன் பிள்ளை, உம்முடையது பிழையில்லையே?” என்றேன்.

“விளைவெண்டு சொல்லி நான் நல்லத மட்டும் எழுதிப்போட்டன், சேர். மண் எடுக்கிற கரையில மீன் பிடிக்கிற ஆக்களுக்கு என்ன நடக்குதெண்டதும் விளைவுதானே?”

பஸ் வரும் வரைக்கும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.